பனிமலை வழிக்கேற்ற டயர்

பொருளின் தோற்றம் வேறு. அதன் தொழில் வேறு. கண்ணுக்கு வலியதாய்த் தோன்றுவது உற்ற இடத்து உதவாமற் போதலும், எளியதாய்த் தோன்றுவது உயிரைக் காத்தலும் உலகியல்பு. பனி படர்ந்த மலைவழிகளில் ஓடும் மோட்டார் வண்டியின் டயர்களிடத்து இவ்வுண்மை நன்கு விளங்கும். ஆங்குத் தவறான டயரைத் தேர்ந்தவர் இழப்பது பணம் மட்டுமன்று. தம் உயிரையும் உடன் வருவோர் உயிரையும் இழக்க நேரிடலாம். ஆதலின் அத்தேர்வின் முறையை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் ஒன்றாகிய கொலராடோவை எடுத்துக்கொள்வோம். அதன் தலைநகராகிய டென்வர் 5,280 அடி உயரத்தில் உள்ளது. அங்கிருந்து மேற்கே செல்லும் 70ஆம் எண் நெடுஞ்சாலை ராக்கி மலையில் ஏறி, 1973இல் திறக்கப்பெற்ற ஐசனோவர் குகைவழியில் 11,000 அடியையும் கடந்து, மீண்டும் சரிந்து இறங்குகின்றது. காட்டுவழியிலும் கற்பாதையிலும் செல்லத்தக்க, நான்கு சக்கரங்களும் இயந்திரத்தால் உந்தப்படும் வண்டிகளை அப்பகுதியினர் பெரிதும் விரும்புவர். அத்தகைய வண்டியொன்றின் டயர்கள் தேய்ந்துவிட்டன, பனிக்காலமும் நெருங்குகின்றது. உடையவர் எத்தகைய டயரை வாங்குதல் வேண்டும்?

முதற்கண் ஒரு மயக்கத்தை நீக்கல் வேண்டும். நான்கு சக்கரமும் உந்தப்படுமாயின் எந்த டயரும் போதும் என்பர் சிலர். பனியில் புறப்படுதற்கும் மேடேறுதற்கும் அவ்வமைப்பு பெருந்துணையே. ஆயின், தடை என்பது எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களுக்கும் உண்டன்றோ? எனவே நிறுத்துவதில் இவ்வண்டிக்குத் தனிச் சிறப்பு யாதுமில்லை. மேலும், எளிதில் விரைவு கொள்வதால், வழியின் வழுக்கல் ஓட்டுவோர்க்குப் புலப்படுவதில்லை. இறக்கத்தில் தடையை மிதிக்கும்போதே அது தெரியவரும். ஏறுவதற்கு இயந்திரம் துணை. நிற்பதற்கும் திரும்புவதற்கும் டயரின் பிடிப்பே துணை.

அப்பிடிப்பு எங்ஙனம் உண்டாகின்றது? அதற்குக் காரணம் இரண்டு. ஒன்று ரப்பரின் மென்மை. கோடைக்கெனச் செய்த ரப்பர், வெப்பம் ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கின், இறுகத் தொடங்கித் தரையைப் பற்றாது நழுவும். பனிக்கால டயரின் ரப்பரோ கடுங்குளிரிலும் நெகிழ்ந்திருக்குமாறு கலக்கப்பெற்றது. மற்றொன்று, டயரின் முகப்பில் உள்ள, ஓட்டுநர் 'பட்டன்' என வழங்கும் மேடுகளின்மேல் கீறப்பட்ட மெல்லிய வெட்டுகள். இவை உருளுங்கால் விரிந்து, பல சிறு விளிம்புகளாய்ப் பனியைக் கடித்துக்கொள்ளும். பள்ளங்களில் அடையும் பனியும் பயனற்றதன்று. பனியோடு பனி ஒட்டுமாதலின், அதுவும் பிடிப்பை மிகுவிக்கும்.

இனி, சேற்று டயரை நோக்குவோம். பருத்த பட்டன்களும் அகன்ற இடைவெளிகளும் உடைய அது, காண்போர்க்கு எம்மலையையும் வெல்லும் எனத் தோன்றும். சேற்றை வாரி எறிதற்கே அவ்வடிவம் அமைந்தது. மெல்லிய வெட்டுகள் குறைந்தமையால், வண்டிகள் ஓடி இறுகிய பனியிலும் கண்ணாடி போன்ற உறைபனியிலும் அது பெரும்பாலும் வழுக்கும். பின்லாந்து நாட்டார் 1934இல் சரக்கு வண்டிகளுக்கும், 1936இல் கார்களுக்கும் எனத் தனிப் பனிக்கால டயர்களைச் செய்தனர். பனியின் தேவை வேறென்பதை அவர் அன்றே உணர்ந்தனர்.

வாங்குவோர் டயரின் பக்கவாட்டிலுள்ள குறிகளையும் படித்தறிதல் வேண்டும். சேறு, பனி என்பவற்றின் ஆங்கில முதலெழுத்துகளாகிய 'எம்', 'எஸ்' என்னும் குறி, முகப்பின் வடிவத்தைப் பற்றியதேயன்றித் தேர்வில் தேறியதைக் காட்டுவதன்று. மூன்று சிகரமுடைய மலையினுள் பனிப்பூ வரைந்த குறியோ, 1999இல் வட அமெரிக்காவில் ஏற்பட்டது. இறுகிய பனியில் சோதித்துத் தேறிய டயருக்கே உரியது. ஆயினும் அங்குள்ள சோதனை முன்னோக்கி இழுக்கும் ஆற்றலையே அளக்கின்றது. உறைபனியில் நிற்கும் ஆற்றலை அளப்பதன்று. ஆதலின் இக்குறியைத் தகுதியின் தொடக்கமாகக் கொள்க, முடிவாகக் கொள்ளற்க.

அகலமும் கருதத்தக்கது. சாலைப் பனியில் குறுகிய டயர் பனியைப் பிளந்து அடித்தரையைத் தேடும். ஆழ்ந்த பனிவெளியிலோ இதற்கு மாறாகும். ஐஸ்லாந்தில் பனிப்பாறைகளின்மேல் செல்வோர் மிக அகன்ற டயர்களைப் பூட்டிக் காற்றைப் பெரிதும் குறைத்து, பனியில் புதையாது மிதந்து செல்வர். ஆகவே செல்லும் வழி எது என்பதை முன்னரே துணிதல் வேண்டும்.

பட்டன் தேய்ந்த டயரால் பயனில்லை. கொலராடோவில் 2019இல் இயற்றப்பெற்ற சட்டப்படி, மேற்கூறிய நெடுஞ்சாலையில் டாட்செரோ, மாரிசன் என்னும் ஊர்களுக்கிடையே, செப்டம்பர் 1 முதல் மே 31 வரை, பள்ளத்தின் ஆழம் 3/16 அங்குலத்திற்குக் குறைதல் கூடாது. வேறிடங்களில் பொதுவாக ஏற்கப்படும் 1/16 அங்குலம் பனியில் எவ்வாற்றானும் போதாது.

செலவுக்கு அஞ்சி இரண்டு டயர்களை மட்டும் மாற்றுவாரும் உளர். அது தகாது. முன்னும் பின்னும் பிடிப்பு வேறுபடின் வளைவில் வண்டி சுழலும். சுற்றளவு வேறுபடின் நான்கு சக்கரங்களை இணைக்கும் பற்சக்கரங்களும் கெடும். நான்கும் ஒரே வகையாய், ஓட்டுநர் கதவருகே பொறித்த அளவுக்கும் சுமைக்கும் ஏற்றவையாய் இருத்தல் வேண்டும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் செய்த வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2324 எனின் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் என்க. நெடுநாள் கடையில் கிடந்த ரப்பர் இறுகியிருக்குமாதலின் இதனையும் நோக்குக. வெப்பம் ஏறத்தாழ 5½ டிகிரி குறையுந்தோறும் காற்றழுத்தம் சதுர அங்குலத்திற்கு ஒரு பவுண்டளவு குறையும்; ஆதலின் குளிர்காலத்தில் அடிக்கடி அளந்து நிரப்புதல் நன்று.

முடிவாகக் கூறின், பனிக்காலம் முழுதும் மலைச்சாலையில் செல்வோர் தனிப் பனிக்கால டயர்களை வாங்கி, கோடையில் கழற்றிவைப்பாராக. அம்மென்மையான ரப்பர் வெயிலில் விரைந்து தேயும். ஆண்டு முழுதும் ஒரே தொகுதியைக் கொண்டு காட்டுவழியிலும் சாலையிலும் செல்ல வேண்டியோர், மலைப்பனிக் குறியுடைய பலநில டயரைக் கொள்வாராக. இருதிறத்தாரும் சக்கரச் சங்கிலியை உடன்கொண்டு செல்க. நான்கு டயர்களும் தரையைத் தொடும் இடம் நான்கு உள்ளங்கை அளவே. பனிச்சரிவில் இறங்குவோர் அனைவரின் உயிரும் அவ்வளவிலேயே தங்கியுள்ளதென்பதை எண்ணுவோர், கடையில் மிடுக்கான தோற்றத்தைக் கண்டு மயங்கார்.