கொரோனாவுக்குப் பிறகு குழந்தைகளுக்கு அடிக்கடி சளி, இருமல்... எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டதா?

"பால்வாடிக்குப் போக ஆரம்பிச்சதுல இருந்து சளி விட்டபாடில்லை", "முன்னாடி மழைக்காலத்துல மட்டும்தான் இருமும், இப்போ வருஷம் பூரா இருமுது"... அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. கொரோனா நம்ம பிள்ளைகளின் எதிர்ப்பு சக்தியைக் குறைத்துவிட்டதா? பார்க்கலாம்.

2020-ல் சளி எங்கே போனது?

2020 மார்ச்சில் பள்ளி, பால்வாடி எல்லாம் மூடப்பட்டன. முகக்கவசம், கை கழுவுதல், தனிமை என்று மாறினோம். இதனால் குழந்தைகளைத் தாக்கும் ஃப்ளூ, ஆர்.எஸ்.வி போன்ற வைரஸ்களும் உலகம் முழுக்க சரிந்தன. 'பி யமகட்டா' என்ற ஃப்ளூ வகை அந்த மார்ச்சுக்குப் பிறகு எங்குமே உறுதி செய்யப்படவில்லை. தடுப்பூசியில் இனி அது தேவையில்லை என உலக சுகாதார நிறுவனமே 2023-ல் சொல்லிவிட்டது.

பிறகு ஏன் மொத்தமாக வந்தது?

சாதாரணமாக 2 வயதுக்குள் கிட்டத்தட்ட எல்லா குழந்தைகளுக்கும் ஆர்.எஸ்.வி ஒருமுறையாவது வந்துபோகும். ஊரடங்கில் பிறந்த, வளர்ந்த பிள்ளைகளுக்கு அது தள்ளிப்போனது. தமிழ்நாட்டில் 1 முதல் 8-ம் வகுப்பு வரை பள்ளிகள் திறந்தது 2021 நவம்பர் 1-ல்தான். 1 வயது, 2 வயது, 3 வயது என தனித்தனியாக வரவேண்டிய தொற்று, எல்லா வயதினருக்கும் ஒரே நேரத்தில் வந்தது. இதைத்தான் ஆய்வாளர்கள் 'எதிர்ப்பு சக்திக் கடன்' என்கிறார்கள்.

2022 செப்டம்பரில் குழந்தைகளுக்குக் காய்ச்சல் பரவியதால் புதுச்சேரியில் 1 முதல் 8-ம் வகுப்பு வரை விடுமுறை விடப்பட்டது. 2023 மார்ச்சில் எச்3என்2 ஃப்ளூ பரவியபோது தமிழ்நாட்டில் ஒரே நாளில் 1,000 காய்ச்சல் முகாம்கள் நடந்தன.

அப்போ எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டதா?

முகக்கவசம் போட்டதால் உடம்பு பலவீனமாகவில்லை. பழக வேண்டிய கிருமியோடு பழகும் நேரம்தான் தள்ளிப்போனது. கொரோனா தொற்றே எதிர்ப்பு சக்தியைப் பாதிக்குமா என்பதில் மட்டும் விவாதம் தொடர்கிறது. 2025 ஜனவரியில் பயமுறுத்திய எச்.எம்.பி.வி-யும் புதுசு இல்லை. 2001-லேயே கண்டுபிடிக்கப்பட்டதுதான்.

நம்ம ஊரில் கூடுதல் கவனம் ஏன்?

இந்த வறண்ட பூமிக்கு மழை என்றால் பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். அப்போது பிள்ளைகள் அடைந்த அறைக்குள் நெருக்கமாக இருப்பார்கள், தொற்று எளிதாகப் பரவும். விறகு அடுப்புப் புகை, சீமைக்கருவேல் கரிமூட்டப் புகை இரண்டும் சின்ன மூச்சுக்குழாய்களுக்கு ஆகாது. குழந்தையை அந்தப் பக்கம் தூக்கிப் போகாதீர்கள்.

எப்போ ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, முழுசாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள்.

• 2 மாதத்துக்குள்: 60 அல்லது அதற்கு மேல்
• 2 முதல் 11 மாதம்: 50 அல்லது அதற்கு மேல்
• 1 முதல் 5 வயது: 40 அல்லது அதற்கு மேல்

இப்படி இருந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்கூட்டின் கீழ்ப்பகுதி உள்ளே குழிவது, பால் குடிக்க முடியாமல் போவது, உதடு நீலமாவது ஆகியவை ஆபத்து அறிகுறிகள். உடனே 108-ஐ அழையுங்கள்.

எதைச் செய்யக்கூடாது?

மெடிக்கலில் நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காதீர்கள், வைரஸை அது கொல்லாது. 2 வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு இருமல், சளி சிரப் தரக்கூடாது என 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியுள்ளது.

நிமோனியாவைத் தடுக்கும் பி.சி.வி ஊசி 6 வாரம், 14 வாரம், 9 மாதத்தில் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசமாகப் போடப்படுகிறது. தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். விட்டுப்போயிருந்தால் உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள்.