ஆறிய புண்ணும் ஆறாத நோயும்

காசநோயைப் பற்றிப் பேசுகிறோம். காலராவைப் பற்றிப் பேசுகிறோம். மேகநோய் என்றால் மட்டும் வாயடைத்துப் போகிறோமே, ஏன்? அந்த வெட்கத்தை முதலாகப் போட்டுத்தான் லாட்ஜில் அறையெடுத்து, 'அந்தரங்க நோய்களுக்கு' என்று சுவரொட்டி ஒட்டுகிறான் போலி வைத்தியன்.

அவன் பிழைக்கும் சூட்சுமத்தைக் கேளுங்கள். சிபிலிஸ் தொற்றியவனுக்குப் பெரும்பாலும் பிறப்புறுப்பில் ஒரு புண் வரும். வலிக்காது. மருந்தே போடாவிட்டாலும் 3 முதல் 6 வாரங்களில் தானாக ஆறிவிடும். லேகியம் விற்றவனோ, "பார்த்தாயா என் மருந்தின் மகிமையை!" என்பான். நோய் போயிற்றா? இல்லை, இரத்தத்தில் குடியேறிற்று! பிறகு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்புகள் தோன்றும். அவையும் மறையும். ஆண்டுகள் கழித்து மூளையையும் இதயத்தையும் தாக்கும். இடையில் மனைவிக்குத் தொற்றி, வயிற்றுப் பிள்ளையையும் பிடிக்கும். அந்தப் பெண் செய்த குற்றம்தான் என்ன?

ஆரம்பத்திலேயே அரசு மருத்துவமனைக்குப் போனால் ஒரு வேளை பெனிசிலின் ஊசியோடு தீரும். கணவனும் மனைவியும் சேர்ந்தே போகவேண்டும். சிறுநீர் கழிக்கையில் எரிச்சலும் சீழுமா? வெட்டையாக இருக்கலாம், அதற்கும் மருந்துண்டு. ஆணுறை அணிந்தால் ஆண்மை குறையாது, ஆபத்துதான் குறையும்.

எச்.ஐ.வி.க்கு 'நம்பிக்கை மைய'த்தில் இலவசச் சோதனை, முடிவு இரகசியம். வேலை போய்விடுமென்று அஞ்சுகிறீர்களா? நோயைக் காட்டிப் பாகுபாடு செய்து வெளியேற்றுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மீறும் முதலாளி இருந்தால் சங்கத்தில் வந்து சொல்லுங்கள்.