யானைக்குப் பக்கத்து வீடு!

திருவல்லிக்கேணி மேன்ஷனில் குப்பை கொட்டியவர்களுக்குத் தெரியும். காலை ஆறரை மணிக்கு பாத்ரூம் வாசலில் நடப்பது சாட்சாத் குருக்ஷேத்திரம்!

நான் இருந்த மாடியில் பதினாலு ரூம், ரெண்டு பாத்ரூம். கோடி ரூமில் ஒரு ஜிம் பயில்வான். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் வந்தால் க்யூ தானாக ஒதுங்கும். எதிர் ரூமில் ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த ஒல்லிப் பையன். ஒரு நாள் பையனின் வாளியைப் பயில்வான் காலால் நகர்த்த, பையன் கையிலிருந்த மக்கை ஓங்க... யாரோ ஓடிப்போய் ஏழாம் நம்பர் ரூம் அண்ணாச்சியை அழைத்து வந்தார்கள்.

அண்ணாச்சிக்கு உடம்பு கிடையாது. பெரிய சம்பளமும் கிடையாது. ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். ஆனால் அவரிடம் இஸ்திரிப் பெட்டி இரவல் வாங்காதவன் அந்த மாடியில் இல்லை. ஜுரம் வந்தால் கஞ்சி வாங்கி வந்து கொடுப்பதும் அவர்தான்.

"ஏ தம்பி, மொதல்ல நீ குளிடே. பயில்வானே, ஒமக்கு ஆபீசு பத்து மணிக்குத்தானவே?"

அவ்வளவுதான். யுத்தம் ஓவர்!

பி.காம். படித்த புத்தி எங்கே போகும்? எனக்கு 'குட்வில்' ஞாபகம் வந்தது. பார்ட்னர்ஷிப் அக்கவுன்ட்ஸில் படித்திருப்பீர்கள். கையால் தொட முடியாத சொத்து. பூட்டி வைக்க முடியாது. ஆனால் பாலன்ஸ் ஷீட்டில் அதற்கும் ஒரு விலை உண்டு.

உலகத்திலும் ஒரு ஏழாம் நம்பர் ரூம் இருக்கிறது. பெயர், கனடா.

மிடில் கிளாஸ் நாடு

அமெரிக்கா, சீனா, ரஷ்யா எல்லாம் பயில்வான்கள். அடிவாங்கும் ஒல்லிப் பையன்கள் எத்தனையோ. இரண்டுக்கும் நடுவில், அடிக்கவும் முடியாமல் அடங்கிப் போகவும் மனசில்லாமல் இருக்கிற நாடுகளுக்கு 'மிடில் பவர்' என்று பெயர். நம்மை மாதிரி மிடில் கிளாஸ் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பரப்பளவில் கனடா உலகில் இரண்டாவது. ஜனத்தொகையோ சுமார் 4 கோடிதான். தமிழ்நாட்டை விட ரொம்பக் கம்மி. சொந்தமாக அணுகுண்டு கிடையாது. அமெரிக்காவோடு உள்ள எல்லை மட்டும் 8,891 கிலோமீட்டர். உலகத்திலேயே இரண்டு நாடுகளுக்கு இடையில் இதைவிட நீளமான எல்லை இல்லை. ஏற்றுமதியில் நாலில் மூணு பங்கு போய்க்கொண்டிருந்ததும் அந்த ஒரே வீட்டுக்குத்தான். வானத்தைக் காவல் காக்கவும் 1958-லிருந்து இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கமாண்ட். தலைவர் அமெரிக்கர், துணைத் தலைவர் கனடாக்காரர்.

1969-ல் பிரதமர் பியர் ட்ரூடோ வாஷிங்டனுக்கே போய் இதைச் சொன்னார். உங்கள் பக்கத்தில் குடியிருப்பது யானையோடு படுத்துத் தூங்குவது மாதிரி. யானை எவ்வளவு சாதுவாக இருந்தாலும், அது லேசாகப் புரண்டால்கூட எங்களுக்குத் தூக்கம் போய்விடும் என்று. கேட்டவர்கள் சிரித்தார்கள். சொன்னவர் சிரிக்கச் சொன்னாரா என்பது வேறு விஷயம்!

யானைக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு சொந்த அபிப்பிராயம் வைத்துக்கொள்வது எப்படி? லெட்ஜரைப் புரட்டுவோம்.

வரவு

1956 ஜூலையில் எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கினார். பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் வயிறு எரிந்தது. அக்டோபர் கடைசியில் இஸ்ரேல் முதலில் பாய, பின்னாலேயே இவர்கள் இருவரும் குண்டு போட்டார்கள். அமெரிக்காவுக்குக் கோபமான கோபம்!

கனடாவுக்கோ தர்மசங்கடம். ஒரு பக்கம் பிரிட்டன், பெற்ற தாய் மாதிரி. இன்னொரு பக்கம் யானை. வெளியுறவு அமைச்சர் லெஸ்டர் பியர்சன் ஐ.நா. பொதுச் சபையில் எழுந்தார். யார் மேல் தப்பு என்கிற பட்டிமன்றத்தில் அவர் இறங்கவில்லை. ஐ.நா. பெயரில் ஒரு படை போய் இரு தரப்புக்கும் நடுவே நிற்கட்டும், 48 மணி நேரத்தில் திட்டம் தயாராகட்டும் என்று யோசனை சொன்னார். நவம்பர் 4-ல் தீர்மானம். ஆதரவு 57 ஓட்டு, எதிர்ப்பு பூஜ்யம். 19 நாடுகள் ஓட்டுப் போடாமல் ஒதுங்கின.

இதில் ஒரு தமாஷ். கனடா அனுப்ப இருந்த ரெஜிமென்டின் பெயர் 'குவீன்ஸ் ஓன் ரைஃபிள்ஸ்'. அதாவது மகாராணியின் சொந்தப் படை! யூனிஃபார்மும் பிரிட்டிஷ் ஜாடை. கனடாக் கொடியின் மூலையிலும் அப்போது பிரிட்டிஷ் கொடிதான். குண்டு போட்டவன் ஜாடையிலேயே சமாதானம் பேசுகிறவனும் வந்தால் எப்படி? எகிப்து மாட்டேன் என்றது. கனடா முறுக்கிக்கொள்ளவில்லை. சண்டைப் பிரிவுக்குப் பதிலாக சப்ளை, சிக்னல் ஆட்களை அனுப்பியது. கல்யாண வீட்டில் முன்வரிசையில் இடமில்லையா, சரி, பந்தியில் பரிமாறுகிறேன் என்று போன மாதிரி!

பியர்சனுக்கு 1957-ல் நோபல் சமாதானப் பரிசு. உள்ளூரில் மட்டும் 'தாய் நாட்டைக் கைவிட்டவர்கள்' என்று வசவு. அந்த வருஷத் தேர்தலில் அவர் கட்சி ஆட்சியை இழந்தது. பிற்பாடு அவரே பிரதமராகி, 1965-ல் புதுக் கொடி கொண்டு வந்தார். இன்று நாம் பார்க்கும் சிவப்பு மேப்பிள் இலை அதுதான்.

கோட்டைப் பிடித்த கை

குட்வில் இருந்தால் என்ன லாபம்? பயில்வானிடம் 'முடியாது' என்று சொல்லலாம். அடுத்த நாளும் அதே குழாயில் தண்ணீர் பிடிக்கலாம்.

1965 ஏப்ரலில் பியர்சன் அமெரிக்க மண்ணிலேயே, பிலடெல்பியாவில் பேசும்போது, வட வியட்நாம் மேல் குண்டு போடுவதைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாமே என்றார். மறுநாள் ஜனாதிபதி ஜான்சன் கூப்பிட்டு அனுப்பினார். கோட்டு மடிப்பைப் பிடித்துக்கொண்டு பொரிந்து தள்ளினார். கூட இருந்த கனடா தூதரே பிறகு எழுதியிருக்கிறார். நம் ஆபீஸில் மேனேஜர் கேபினுக்குள் கூப்பிடுவதெல்லாம் எந்த மூலைக்கு! ஆனாலும் கனடா வியட்நாமுக்குப் போர்ப்படை அனுப்பவில்லை.

2003 மார்ச்சில் மறுபடி அதே கேள்வி. இராக் மேல் படையெடுக்கும் அமெரிக்காவோடு கனடா வருமா? ஐ.நா. ஒப்புதல் இல்லாமல் வர மாட்டோம் என்று பிரதமர் ஜான் க்ரெட்டியன் பார்லிமென்டில் அறிவித்தார். அவர் கட்சி எம்.பி.க்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

கைதட்டலோடு நிறுத்தினால் கணக்கு டேலி ஆகாது. 2001 செப்டம்பர் 11-ல் அமெரிக்கா தன் வானத்தை மூடியபோது, 200-க்கும் மேற்பட்ட விமானங்களைத் தன் மண்ணில் இறக்கிக்கொண்டது கனடா. சுமார் பத்தாயிரம் பேர் வசித்த கேண்டர் என்ற சின்ன ஊரில் மட்டும் 38 விமானங்கள்! முன்பின் தெரியாத ஆறாயிரத்துச் சொச்சம் பயணிகளுக்கு அந்த ஊரே சோறு போட்டுப் படுக்க இடமும் கொடுத்தது. ஆப்கானிஸ்தானுக்குப் படையும் போனது. அங்கே 158 கனடா வீரர்கள் உயிரை விட்டார்கள். 'முடியாது' என்ற ஒற்றை வார்த்தைக்குப் பின்னால் இவ்வளவு 'சரி' இருந்தது.

ஒல்லிப் பையன்களைக் கூட்டுச் சேர்த்துக்கொள்வதும் ஒரு வித்தை. 1996 அக்டோபரில் ஒட்டாவாவில் கண்ணிவெடிகளை ஒழிப்பது பற்றி மாநாடு. முடிகிற நேரத்தில் அமைச்சர் லாயிட் ஆக்ஸ்வொர்தி, அடுத்த வருஷ முடிவுக்குள் இங்கேயே வந்து தடை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்று கெடு வைத்தார். 1997 டிசம்பரில் 122 நாடுகள் வந்தன! அமெரிக்கா, ரஷ்யா, சீனா வரவில்லை. இந்தியாவும் பாகிஸ்தானும்கூட வரவில்லை. ரஷ்யாவைப் பார்த்துப் பயந்த பால்டிக் நாடுகளும் பின்லாந்தும் போலந்தும் 2025-ல் விலக முடிவெடுத்ததும் உண்மை. குட்வில்லுக்கு நிரந்தர கியாரண்டி கார்டு கிடையாது சார்!

செலவு

1993-ல் சோமாலியாவுக்குச் சமாதானம் காக்கப் போன கனடா சிப்பாய்கள், தங்களிடம் சிக்கிய ஒரு டீன் ஏஜ் பையனைச் சித்திரவதை செய்தே கொன்றார்கள். நாடே தலைகுனிந்தது. 1995-ல் அந்த ரெஜிமென்ட் கலைக்கப்பட்டது.

1994-ல் ருவாண்டா. ஐ.நா. படைக்குத் தளபதி கனடாவின் ரோமியோ டலேர். படுகொலைக்கு ஆயுதம் சேர்க்கிறார்கள் என்று ஜனவரியிலேயே நியூயார்க்குக்குத் தகவல் அனுப்பினார். ஆயுதங்களைப் பறிமுதல் செய்ய அனுமதி வரவில்லை. ஏப்ரலில் கொலை ஆரம்பித்ததும், இருந்த 2,500 பேரையும் சில நூறாகக் குறைத்தது பாதுகாப்புக் கவுன்சில். சுமார் நூறு நாளில் செத்தவர்கள் எட்டு லட்சம் பேர் என்கிறது ஐ.நா. நீலத் தொப்பியும் நல்ல மனசும் இருந்தால் மட்டும் கத்தி கீழே இறங்காது என்று அந்த மனிதர் கண்ணால் பார்த்தார்.

கனடா மெல்ல வேறு வழி நடந்தது. 1990-களின் தொடக்கத்தில் ஐ.நா. பணியில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கனடா வீரர்கள் இருந்தார்கள். பிற்பாடு போலீஸையும் சேர்த்து எண்ணினாலே நூறைத் தொடவில்லை. 'நாங்கள் சமாதானக் காவலர்கள்' என்ற பேச்சு மட்டும் குறையவில்லை. புது வரவே இல்லாமல் பழைய குட்வில்லை எத்தனை வருஷத்துக்குக் காட்ட முடியும்? 2010-ல் பாதுகாப்புக் கவுன்சிலின் தற்காலிக இடத்துக்கு நின்றது; போர்ச்சுகல் ஜெயித்தது. 2020-ல் மறுபடி நின்றது. நார்வேயும் அயர்லாந்தும் ஜெயித்தன. ஆடிட்டர்கள் ரிப்போர்ட் கொடுத்துவிட்டார்கள்!

2018 டிசம்பரில் இன்னொரு அடி. அமெரிக்கா கேட்டுக்கொண்டதற்காக, சீன ஹுவாவே கம்பெனி அதிகாரி மெங் வான்ஜோவை வான்கூவரில் கைது செய்தது கனடா. சில நாளிலேயே சீனா இரண்டு கனடாக்காரர்களைப் பிடித்து உள்ளே போட்டது. அவர்கள் வெளியே வர ஆயிரம் நாளுக்கு மேல் ஆனது. இரண்டு யானை மோதினால் யார் கால் மிதிபடும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம்.

நம்மோடு கணக்கு

நமக்கும் கனடாவுக்கும் பழைய பாக்கி உண்டு. 1954-லிருந்து வியட்நாம் சமாதானக் கமிஷனில் இந்தியா தலைவர். கனடாவும் போலந்தும் உறுப்பினர்கள். டிராம்பே சைரஸ் அணு உலை கனடா உதவியில் வந்தது. அதில் எடுத்த புளூட்டோனியம் 1974-ல் போக்ரானில் வெடித்ததும் கனடா கோபித்துக்கொண்டு அணு உறவை அறுத்தது. மறுபடி ஒப்பந்தம் போட 2010 ஆனது.

2023 செப்டம்பரில் பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ, சீக்கியப் பிரிவினைவாதி நிஜ்ஜார் கொலையில் இந்திய ஏஜென்டுகளுக்குத் தொடர்பு இருக்கலாம் என்று பார்லிமென்டில் சொன்னார். அபத்தம் என்று மறுத்தது இந்தியா. அக்டோபரில் 41 கனடா அதிகாரிகள் மூட்டை கட்டினார்கள். வாஷிங்டனும் லண்டனும் கவலை தெரிவித்தன. அதற்காக டெல்லியோடு வியாபாரத்தையோ உறவையோ குறைத்துக்கொள்ளவில்லை. 2025 ஜூனில் புதுப் பிரதமர் மார்க் கார்னி ஜி-7 மாநாட்டுக்கு மோடியை அழைத்து, இரு தரப்பும் மறுபடி ஹைகமிஷனர்களை நியமிக்க ஒப்புக்கொண்ட பிறகுதான் மூச்சு வந்தது.

யானை புரண்டபோது

அதே 2025-ல்தான் யானை நிஜமாகவே புரண்டது. கனடா அமெரிக்காவின் 51-வது மாநிலமாகலாமே என்றார் டிரம்ப். வரியும் போட்டார். கனடாவின் மதுக்கடைகளில் அமெரிக்கச் சரக்கு அலமாரியை விட்டு இறங்கியது. ஏப்ரல் தேர்தலில், தோற்கும் என்று எழுதி வைத்திருந்த கட்சி ஜெயித்தது. பல வருஷமாக நேட்டோவுக்குச் சாக்குச் சொல்லிவந்த 2 சதவிகித ராணுவச் செலவை அந்த நிதியாண்டிலேயே எட்டுவோம் என்று ஜூனில் அறிவித்தார் கார்னி. இத்தனை நாள் எடுத்துவைக்காத தேய்மானத்தையெல்லாம் ஒரே வருஷத்தில் புத்தகத்தில் ஏற்றிய கதை!

அண்ணாச்சி என்ன ஆனார் என்று கேட்பீர்கள். நடுவில் அவருக்குப் பிரமோஷன் வந்தது. கரண்ட் பில்லைக் காரணம் காட்டி இஸ்திரிப் பெட்டியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார். ஆறு மாசம் கழித்து மறுபடி வாளித் தகராறு. அண்ணாச்சி பழைய ஞாபகத்தில் நடுவில் போனார். "நீங்க உங்க ஜோலியப் பாருங்க சார்" என்றான் ஒல்லிப் பையன். அண்ணாச்சி இல்லை, 'சார்'!

மறுநாள் காலை ஏழாம் நம்பர் வாசலில், ஸ்டூல் மேல் இஸ்திரிப் பெட்டி. யாரும் தொடவில்லை. அண்ணாச்சி பக்கத்திலேயே பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"யாரும் வரலையே அண்ணாச்சி?" என்றேன்.

"இருக்கட்டும்டே. பொட்டி சூடாகக் கொஞ்ச நேரம் ஆகும்லா!"