பால் மறக்கடிப்பவள்

பெங்களூருக்கு வடக்கே உள்ள தேவனஹள்ளியில் பிறந்த திப்பு சுல்தானின் தாயார் பெயர் பாத்திமா ஃபக்ருன்னிசா. ஆர்க்காட்டு திப்பு மஸ்தான் அவுலியாவின் தர்காவில் வேண்டிப் பெற்ற பிள்ளை என்பதால் மகனுக்கு அந்த மகானின் பெயர் வந்தது என்பார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கும்பஸ் எனும் கல்லறை மாளிகையில் கணவர் ஹைதர் அலி, மகன் திப்பு ஆகியோருடன் அந்த அம்மாளும் அடக்கமாகியிருக்கிறார். ஃபக்ருன்னிசா என்றால் பெண்குலத்தின் பெருமை. ஆனால் பாத்திமா? ‘கற்புடையவள்’, ‘தூய்மையானவள்’ என்று பெயர்ப் புத்தகங்கள் எழுதிவிடுகின்றன. அரபு அகராதியைப் பார்த்தால் ‘ஃபதம’ என்ற வினைக்குக் குழந்தையைப் பால்குடி மறக்கச் செய்தல் என்று பொருள் இருக்கிறது. அதைச் செய்கிற பெண் ஃபாத்திமா. வேப்பெண்ணெய் தடவிப் பிள்ளையின் பால்குடியை நிறுத்தும் நம் ஊர்த் தாயும் அரபு இலக்கணப்படி ஒரு ஃபாத்திமாதான்.

பிறந்த குழந்தைக்கு ஏன் தாய்மையைச் சொல்லும் பெயர் என்று கேட்கலாம். கைக்குழந்தைகள் எளிதில் இறந்துபோன காலத்தில், பால் மறக்கும் பருவம் வரை பிள்ளை தங்குவதே பெரும்பேறு. இவளும் வளர்ந்து, பெற்று, தன் பிள்ளையைப் பால் மறக்கடிக்கும் நாளைக் காண வேண்டும் என்ற வேண்டுதலாகவே இதைக் கொள்வது பொருத்தம். அந்த வினைக்கு ‘விலக்குதல்’ என்ற பொருளும் உண்டே, நரக நெருப்பிலிருந்து விலக்கப்பட்டவர் என்பதால்தானே நபிகள் நாயகத்தின் மகளுக்கு இப்பெயர் என்பது இன்னொரு வாதம். பக்தி மரபில் அந்த விளக்கத்துக்கு உரிய இடம் இருக்கிறது. ஆனால் பெயர் அதற்கும் மூத்தது. நபிகளின் பாட்டி பாத்திமா பின்த் அம்ர். அவருடைய மனைவி கதீஜா அம்மையாரின் தாயார் பெயரும் பாத்திமா. நபிகளின் மருமகன் அலியின் தாயார் பாத்திமா பின்த் அஸத். இஸ்லாம் தோன்றுமுன்பே அரபு வீடுகளில் புழங்கிய சாதாரணப் பெயர் அது. 632-இல் மறைந்த நபிமகளின் வாழ்க்கைதான் அதற்குத் தூய்மை என்ற நிறத்தைக் கொடுத்தது. ஆக, புத்தகங்கள் தருவது சொல்லின் பொருளை அல்ல, அந்தப் பெண்மணியின் குணத்தை. பெற்றோரும் அவரை எண்ணித்தான் பெயர் வைக்கிறார்கள். அகராதியைப் புரட்டி வைப்பவர்கள் குறைவு.

பெயர் பரவிய வழியும் இதையே காட்டுகிறது. போர்த்துகலில் பாத்திமா என்ற ஊரில் 1917-இல் மூன்று இடையர் குழந்தைகளுக்கு மரியன்னை காட்சி தந்ததாகக் கத்தோலிக்கர் நம்புகிறார்கள். முஸ்லிம்கள் ஆண்ட காலத்து அரபுப் பெயர் அந்த ஊருக்கு ஒட்டிக்கொண்டு, பிறகு அன்னைக்கே அடைமொழியாயிற்று. மதுரையில் கத்தோலிக்கக் கன்னியர் நடத்தும் பாத்திமா கல்லூரி இந்த வழியில் பெயர் பெற்றது. பால் மறக்கடிப்பதை அங்கே யார் நினைக்கிறார்கள்? தமிழ் முஸ்லிம் வீடுகளிலோ முத்து சேர்ந்து பாத்துமுத்து ஆயிற்று. அந்த ஒட்டில்தான் பெயர் முழுக்க நம்முடையதானது என்பேன்.

எழுத்தும் ஊருக்கு ஊர் மாறுகிறது. தமிழில் ‘பாதிமா’ என்று எழுதினால் நடுவிலுள்ள த மென்மையாக ஒலித்துவிடும். அதனால் ‘த்’ இரட்டிக்கிறோம். கன்னடத்தில் இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து இருப்பதால் ஒற்றைத் த போதும். ஆங்கிலத்தில் தென்னிந்தியர் டி-க்குப் பின் எச் சேர்ப்பார்கள், வடக்கே சேர்ப்பதில்லை. எல்லாம் ஒரே பெயர்தான். ஆனால் பெங்களூரில் பிறப்புச் சான்றிதழ் வாங்கும் பெற்றோர் ஆங்கில எழுத்துகளை அன்றே முடிவுசெய்து, ஆதாரிலும் பள்ளியிலும் பாஸ்போர்ட்டிலும் அப்படியே தொடர்வது நல்லது. அலுவலகக் கணினிக்கு ஒரு எச் கூடினாலும் அது வேறு ஆள்.