அத்தியின் அந்தப்புரம்

நெடுநாள் கழித்து வீட்டுக்கு வரும் உறவினரை, "என்ன, அத்தி பூத்தாற்போல வந்திருக்கிறீர்கள்!" என்று வரவேற்பது நம்மவர் வழக்கம். அத்தி பூப்பதை எவரும் கண்ணால் கண்டதில்லை என்ற எண்ணமே இந்த உபசாரத்துக்கு ஆதாரம். பூவாமல் காய்க்கும் மரங்களைத் தமிழில் 'கோளி' என்றும், வடமொழியில் 'வனஸ்பதி' என்றும் (இன்று டப்பாவில் அடைத்து விற்கும் நெய்ப் போலிக்குப் பெயராகிவிட்டதே, அதே சொல்தான்) முன்னோர்கள் தனி வகுப்பாகவே பிரித்து வைத்தார்கள். இதே அத்தியைப் பற்றி இன்னொரு பழமொழியும் உண்டு. வெளியே மினுமினுக்கும் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் உள்ளே அத்தனையும் புழு என்பது அது. பூவே இல்லை என்கிறது ஒன்று. பூச்சியே நிறைந்திருக்கிறது என்கிறது மற்றொன்று. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்திருந்தால், முதல் பழமொழியின் புதிருக்கு இரண்டாவது பழமொழியே விடை என்பது விளங்கியிருக்கும்.

ஆற்றங்கரை அத்திமரத்தின் அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாய் ஒட்டிக்கொண்டிருக்கும் பிஞ்சுகளில் ஒன்றைப் பறித்து, கையில் ஒட்டும் பாலைப் பொருட்படுத்தாமல், பேனாக்கத்தியால் நெடுக்காக இரண்டாய்ப் பிளந்து பாருங்கள். நடுவே சிறு குழிவு. அக்குழிவின் சுவர் முழுவதும் நெருக்கமாக நட்டுவைத்த மெல்லிய மயிர் போன்ற இழைகள். அந்த இழை ஒவ்வொன்றும் ஒரு பூவுக்கு உரியது. ஆயிரக்கணக்கான பெண் பூக்களும், வாயிலை ஒட்டிச் சில ஆண் பூக்களுமாக ஒரு பூங்கொத்து முழுவதும் உட்புறமாக மடிந்து மூடிக்கொண்டதையே நாம் காய் என்கிறோம். வெளி உலகத்தோடு அதற்குள்ள தொடர்பு, நுனியிலே செதில்கள் அடுக்கடுக்காக அடைத்து நிற்கும் ஊசித்துளை போன்ற வாயில் ஒன்றுதான்.

செடிகொடிகள் நின்ற இடத்தில் நிற்பவை. தம் மகரந்தத்தை இன்னொரு பூவின் சூல்முடிக்குச் சேர்ப்பிக்கத் தூதர் வேண்டியிருப்பவை. தாமரையின் நிறமும் தாழம்பூவின் மணமும் நம் கண்ணுக்கும் மூக்குக்குமாகச் சிருஷ்டிக்கப்பட்டவை என்று நாம் கருதினாலும், பூக்களின் நிறம், மணம், தேன் எல்லாம் இத்தூதர்களுக்கு விடுத்த அழைப்புகளே. இரவில் மலர்வன பலவும் வெண்மையாய், மணம் மிகுந்திருப்பது இருளில் வரும் அந்துப்பூச்சிகளின் பொருட்டு. அத்தியோ இரண்டு மில்லிமீட்டர் அளவேயான ஒரு சிறு குளவிக்கு மட்டும் கதவைத் திறக்கும் பூ. அதனால் அதற்கு இதழும் நிறமும் வேண்டாதனவாயின. பிஞ்சு பக்குவமடையும்போது காற்றில் கலந்துவிடும் வாசனை ஒன்றே போதுமாயிற்று.

அந்த வாசனையைப் பற்றிக்கொண்டு வரும் பெண் குளவி, செதில்களுக்கிடையே தலையை நுழைத்து உந்தி உந்தி உள்ளே செல்லும்போது, அதன் சிறகுகளும் உணர்கொம்புகளின் நுனிகளும் முறிந்து வாயிலிலேயே தங்கிவிடுகின்றன. உட்புகுந்த பின், மார்பின் அடியில் உள்ள இரண்டு சிறு பைகளிலிருந்து, பிறந்த இடத்தில் நிரப்பிக்கொண்டு வந்த மகரந்தத்தைக் கால்களால் எடுத்துச் சூல்முடிகளில் அது தடவுகிறது. பெரும்பாலும் தண்டு குட்டையான பூக்களில் முட்டையிட்டு, அங்கேயே மடிகிறது. முட்டையிட்ட பூக்கள் குஞ்சுகளுக்குத் தொட்டிலாகின்றன. தண்டு நீண்ட பூக்கள் பெரும்பாலும் மரத்துக்கு விதையாகின்றன. சில வாரங்கள் சென்றபின், சிறகற்ற ஆண் குளவிகள் முதலில் வெளிவந்து, இன்னும் தொட்டிலில் கிடக்கும் பெண்களோடு கூடி, சுவரைக் குடைந்து வழியமைத்துவிட்டு உயிர் துறக்கின்றன. அதே சமயத்தில்தான் ஆண் பூக்கள் முதிர்கின்றன. பெண் குளவிகள் பைகளை நிரப்பிக்கொண்டு, ஆண்கள் வெட்டிய வழியே பறந்து போகின்றன. அவற்றின் ஆயுள் ஓரிரு நாளே. ஆயினும், நம் அத்திக்கு நெருங்கிய உறவான ஒரு மரத்தின் குளவிகள், நமீபியப் பாலைநிலத்தில் காற்றோடு 160 கிலோமீட்டர் தூரம் மகரந்தத்தைச் சுமந்து சென்றதை 2009-ல் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள்.

இந்த ஏற்பாட்டை எவரும் உட்கார்ந்து திட்டமிடவில்லை. எந்தப் பிஞ்சின் வாயில் மகரந்தம் கொணர்ந்த குளவிக்கு இடங்கொடுத்து ஏனைய பூச்சிகளைத் தடுத்ததோ, அது மிகுதியாக விதை ஈன்றது. எந்தக் குளவியின் தலை தட்டையாய் நீண்டு, தாடையின் பற்கள் பின்னோக்கி வளைந்து, செதில்களில் வழுக்காமல் ஏற உதவினவோ, அதற்குச் சந்ததி பெருகியது. இவ்விதமாக 7 கோடி ஆண்டுகளுக்கு மேலாக ஒன்றையொன்று செதுக்கி வந்ததன் பலனாக, இன்றுள்ள 750-க்கு மேற்பட்ட ஆல், அரசு, அத்தி இனங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தத்தமக்கென்றே குளவிகள் வாய்த்திருக்கின்றன. உடம்பில் தற்செயலாக ஒட்டியதை மட்டும் சுமக்கும் அசட்டைக் குளவிகளை நம்பிய இனங்கள் ஆண் பூக்களைத் தாராளமாகப் பூக்க, கருத்தோடு அள்ளிச் செல்லும் குளவிகளைப் பெற்ற இனங்கள் அவற்றைச் சிக்கனப்படுத்திக்கொண்டன. வேலைக்காரரின் திறமைக்கேற்ப வீட்டுச் செலவு அமைவது போலத்தான் இது.

இந்த உறவு சிநேகத்தினால் மட்டும் நிலைப்பதன்று. பனாமா நாட்டில் மகரந்தம் இல்லாத குளவிகளைப் பிஞ்சுகளுக்குள் புகவிட்டுச் சோதித்த ஆராய்ச்சியாளர்கள், 2010-ல் கண்ட முடிவை வெளியிட்டனர். கருத்தோடு மகரந்தம் தூவும் குளவிகளை உடைய இனங்களில், அப்படிப்பட்ட பிஞ்சுகளில் பலவற்றை மரம் உள்ளிருந்த முட்டைகளோடு உதிர்த்துவிட்டது. உதிராதவற்றிலும் குறைந்த குஞ்சுகளே தேறின. கடமை தவறிய விருந்தாளிக்கு மரம் இட்ட தண்டனை அது.

விருந்தாளி இல்லாத வீட்டின் கதியைக் கலிபோர்னியத் தோட்டக்காரர்கள் அறிவார்கள். 1880-களில் துருக்கியின் ஸ்மிர்னாப் பகுதியிலிருந்து பெயர்பெற்ற சீமை அத்தியைக் கொண்டுவந்து அவர்கள் நட்டபோது, மரங்கள் செழித்தன. பிஞ்சுகளோ பழுக்காமலே உதிர்ந்தன. நம் அத்தியைப் போலன்றி, சீமை அத்தியில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஸ்மிர்னா விவசாயிகள், குளவி வாழும் ஆண் அத்திக் காய்களைக் கோத்துப் பெண் மரங்களில் தொங்கவிட்டுவந்த புராதன வழக்கத்தின் தாத்பரியம் அப்போதுதான் கலிபோர்னியத் தோட்டக்காரர்களுக்கு விளங்கிற்று. 1899-ல் ஆல்ஜீரியாவிலிருந்து வந்த குளவிகள் கலிபோர்னியாவின் பிரெஸ்னோவில் நிலைகொண்ட பிறகே பழம் கிடைத்தது.

அத்தி பூப்பது அபூர்வமன்று. நம் ஆற்றங்கரை மரங்கள் ஆண்டுக்குப் பலமுறை பூக்கின்றன. ஓரிரு நாள் ஆயுளுக்குள், சரியான மரத்தை, சரியான பருவத்தில், பை நிறைந்த மகரந்தத்தோடு தேடி வந்து சேரும் அந்தச் சிறு குளவிதான் அபூர்வம். ஆகையால் நம் உபசார வார்த்தையை அத்திமரமே சொல்லவேண்டுமாயின், அது தன் பூவை உவமையாக எடுத்திராது. "குளவி வந்தாற்போல வந்திருக்கிறீர்கள்" என்றுதான் சொல்லியிருக்கும்.