கரி பிடித்தால் களைத்துவிடும் கோபால்ட்!

அந்தக் கால ஜெர்மனிச் சுரங்கங்களில் ஒரு தாது பெரும் தொல்லை தந்தது. உருக்கினால் வெள்ளி வராது. நச்சுப் புகைதான் வரும். 'இது குட்டிச்சாத்தான் வேலை' என்று எண்ணி, அந்தப் பூதத்தின் பெயரையே தாதுவுக்கு வைத்தார்கள். அதுதான் கோபால்ட்! அதில் புதிய உலோகம் இருப்பதை 1730-களில் கண்டறிந்தவர், சுவீடனின் ஜார்ஜ் பிராண்ட்.

இன்று அந்தக் குட்டிச்சாத்தான் நல்ல வேலை செய்கிறது. எத்தனாலையும் நீராவியையும் சுமார் 500 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் கோபால்ட் துகள்கள் மீது செலுத்தினால், ஹைட்ரஜன் வாயு கிடைக்கும். எத்தனாலில் 2 கார்பன் அணுக்கள் கைகோத்து நிற்கின்றன. அந்தப் பிடியை விடுவிப்பதில் கோபால்ட் கெட்டிக்காரர்! ரோடியம் என்ற உலோகமும் இதைச் செய்யும். ஆனால் விலை மிக மிக அதிகம்.

எல்லாம் சரியாக நடந்தால், 1 எத்தனால் மூலக்கூறும் 3 நீர் மூலக்கூறுகளும் சேர்ந்து 6 ஹைட்ரஜன் மூலக்கூறுகளைத் தரும். அதில் பாதி, தண்ணீர் தந்த பரிசு! கூடவே 2 கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளும் வரும்.

கோபால்ட் ஒரு வினையூக்கி. அதாவது, தான் தீர்ந்துபோகாமல் வினையை விரைவாக்கும். பிறகு ஏன் களைக்கிறது?

பால் காய்ச்சும் பாத்திரத்தில் அடிப்பிடிக்கிறதே, அதுபோல கோபால்ட் மீது கரி படிகிறது. கரி மூடிய இடத்தை எத்தனால் தொட முடியாது, வேலை நின்றுவிடும். அதிக வெப்பத்தில் சின்னத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாவதும் உண்டு. அப்போது வேலை செய்யும் பரப்பு குறைந்துவிடும்.

இதற்கு விஞ்ஞானிகள் கண்ட வழி என்ன தெரியுமா? கோபால்ட்டை சீரியம் ஆக்சைடு மீது உட்கார வைப்பது! அது தன் ஆக்சிஜனைக் கொடுத்துக் கரியை வாயுவாக்கி விரட்டும். கொடுத்த ஆக்சிஜனை நீராவியிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளும். நல்ல நண்பன்தானே!