குளத்துத் தண்ணீரும் ஒரு சட்டப் பேராசிரியரும்



உப்பளத்தில் எங்கள் தெருவிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் அம்பேத்கர் சாலை. சின்ன வயசிலிருந்து அந்தச் சாலையில்தான் போய் வருகிறேன். ஆனால் அம்பேத்கரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு மார்க் கேள்விக்கு எழுதும் பதில்தான்: "அரசியல் சட்டத்தை உருவாக்கியவர்." அவர் ஒரு வாத்தியார், சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தியவர், கோர்ட்டில் வழக்காடியவர் என்பதெல்லாம் போன வருஷம் நூலகத்தில் உட்கார்ந்து படித்தபோதுதான் தெரிந்தது. படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

பள்ளிக்கூடப் பானையும் கல்லூரிப் பானையும்

பீமராவ் ராம்ஜி அம்பேத்கர் 14.4.1891 அன்று மாவ் என்ற ராணுவ ஊரில் பிறந்தார். அப்பா ராணுவத்தில் சுபேதார். பள்ளிக்கூடத்தில் தாகம் எடுத்தால் அவர் குழாயைத் தொடக் கூடாது. பியூன் வந்து திறந்துவிட வேண்டும். பியூன் வரவில்லை என்றால் அன்றைக்குத் தண்ணீர் இல்லை.

அந்தப் பையன்தான் 1912-ல் பம்பாயில் பி.ஏ. முடித்து, 1913-ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். திரும்பி வந்து 1918-ல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர் ஆனார். இத்தனை படித்த பிறகாவது நிலைமை மாறியதா? இல்லை. ஆசிரியர்களுக்கு வைத்திருந்த பானையிலிருந்து அவர் தண்ணீர் எடுத்துக் குடிக்கக் கூடாது என்று உடன் வேலை பார்த்த பேராசிரியர்கள் சிலரே ஆட்சேபம் செய்தார்கள்.

பிறகு லண்டன் போய்ப் படிப்பைத் தொடர்ந்தார். 1922-ல் பாரிஸ்டர் ஆனார். 1923-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். தொழிலில் வருமானம் போதவில்லை. அதனால் ஒரு கணக்கியல் பயிற்சி நிலையத்தில் வணிகச் சட்டம் சொல்லிக்கொடுத்தார். 1928-ல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியில் பகுதிநேரப் பேராசிரியர். 1935 ஜூனில் அதே கல்லூரிக்கு முதல்வர். 1938 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

மகாத் குளம்

இந்தப் பேராசிரியர் வாழ்க்கையோடு சேர்ந்து இன்னொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது. அதுதான் முக்கியம்.

அரசுப் பணத்தில் கட்டிய, அரசு பராமரிக்கிற குளம், கிணறு, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் தீண்டப்படாதோர் பயன்படுத்தலாம் என்று 1923-ல் பம்பாய் சட்டசபையில் எஸ்.கே. போலே தீர்மானம் கொண்டுவந்தார். அது நிறைவேறியது. அதையொட்டி மகாத் என்ற ஊரின் நகராட்சியும் தன் சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதாக 1924-ல் தீர்மானம் போட்டது. தீர்மானம் காகிதத்தில் இருந்தது. குளத்தில் ஒருத்தரும் இறங்க முடியவில்லை.

20.3.1927 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு ஊர்வலமாகப் போய் அந்தக் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். அவ்வளவுதான் போராட்டம். அதற்கே கூட்டத்துக்கு வந்தவர்களை அடித்து நொறுக்கினார்கள். பிறகு 108 பானைகளில் பால், தயிர், சாணம், கோமியம் கலந்து ஊற்றிக் குளத்தைத் "தீட்டுக் கழித்தார்கள்". நகராட்சியும் ஆகஸ்டில் தன் தீர்மானத்தை ரத்து செய்துவிட்டது.

அதே வருஷம் டிசம்பரில் மறுபடியும் குளத்துக்குப் போக முடிவானது. எதிர்த்தரப்பினர் முந்திக்கொண்டு, "இது எங்களுக்கே உரிய குளம்" என்று மகாத் சிவில் கோர்ட்டில் அம்பேத்கர் மீதும் மற்றவர்கள் மீதும் வழக்குப் போட்டுத் தற்காலிகத் தடை உத்தரவு வாங்கினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் சிறை போகவும் தயாராக வந்து நிற்கிறார்கள். தலைவர் என்ன செய்வார்? அம்பேத்கர் கூட்டத்தினரிடம் பேசிப் போராட்டத்தைத் தள்ளிவைத்தார். 25.12.1927 அன்று அந்த மாநாட்டில் மனுஸ்மிருதியை எரித்தார்கள். ஆனால் குளத்தில் இறங்கவில்லை. எதிரி கோர்ட்டுக்கு இழுத்தால் கோர்ட்டிலேயே பார்த்துவிடுவது என்று முடிவு.

முதலில் படித்தபோது, 'ஏன் பின்வாங்கினார்?' என்று எனக்குக் கோபமாகக்கூட இருந்தது. அடுத்த பக்கங்களைப் படித்த பிறகுதான் புரிந்தது.

பத்து வருஷ வழக்கு

1928 பிப்ரவரியில் தடை உத்தரவு நீங்கியது. 1931-ல் மகாத் கோர்ட்டில் அம்பேத்கர் தரப்புக்கு வெற்றி. எதிர்த்தரப்பு தானா கோர்ட்டுக்கு அப்பீல் போனது. 1933-ல் அங்கேயும் தோற்றது. பிறகு பம்பாய் உயர் நீதிமன்றம். 17.3.1937 அன்று நீதிபதி புரூம்ஃபீல்ட் அந்த அப்பீலையும் தள்ளுபடி செய்தார். தண்ணீர் குடித்த நாளிலிருந்து கணக்குப் பார்த்தால், பத்து வருஷத்துக்கு மூன்று நாள்தான் குறைவு! அப்போது அம்பேத்கர் சட்டக் கல்லூரி முதல்வர்.

வழக்கு எந்த இடத்தில் ஜெயித்தது என்று பாருங்கள். "காலம் காலமாக இது எங்கள் வழக்கம்" என்பது எதிர்த்தரப்பின் வாதம். அப்படியானால் அதை நிரூபித்துக் காட்டு என்றது கோர்ட்டு. அவர்களால் முடியவில்லை. குளம் நகராட்சிச் சொத்து என்பது நின்றது. 'வழக்கம்' என்று சொன்னதும் தலையாட்டிவிடாமல், 'ஆதாரம் எங்கே?' என்று கேட்டதுதான் இந்த வழக்கின் பாடம்.

பின்னாளில் அரசியல் சட்ட வரைவுக் குழுவுக்குத் தலைவரானார். அந்தச் சட்டத்தின் 15-வது பிரிவை எடுத்துப் படியுங்கள். கிணறு, குளம், படித்துறை, சாலை என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கும். அந்த வரியைப் படிக்கும்போது எனக்கு மகாத் குளம்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

நம்ம ஊர்ச் சப்பாத்து

இதற்கு முன்னாலேயே நம்ம புதுச்சேரியிலும் ஒரு கதை உண்டு. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில், 1873-ல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வக்கீல் ஐரோப்பியச் சப்பாத்து போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குள் போனார். ஓர் இந்தியர் அப்படி வரக் கூடாது என்று தடுத்தார்கள். அவர் விடவில்லை. பாரீஸ் உயர் நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார். அங்கே தண்ணீர், இங்கே சப்பாத்து. பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் அதில் இருப்பது மனுஷனின் மரியாதை.

நமக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

டிப்ளமோ படிக்கிற நமக்கு நிறையவே சம்பந்தம் உண்டு. 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை அம்பேத்கரிடம் இருந்தது. 1946-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த வேலையை 48 மணி நேரமாகக் குறைத்தார்கள். நாட்டின் மின் உற்பத்தியைத் திட்டமிட 1944-ல் மத்தியத் தொழில்நுட்ப மின் வாரியம் அமைந்ததும் அவர் துறையின் கீழ்தான். நாளைக்கு நாம் அப்ரண்டிஸாகப் போகும்போது இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக என் சொந்த விஷயம் ஒன்று. எங்கப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டுதான். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியது நான்தான் முதல் ஆள். முதல் வருஷம் உதவித்தொகைக்கு ஒரு சான்றிதழ் வேண்டியிருந்தது. அப்பா ஓர் அலுவலகத்துக்குக் கூலியை விட்டுவிட்டு நாலு தடவை நடந்தார். "நாளைக்கு வா" என்பதுதான் பதில். கடைசித் தேதி போய்விட்டது. அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது.

மறு வருஷம் நானே போனேன். மனுவை இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் பெற்றுக்கொண்டதாக முத்திரை கேட்டேன். "பெரிய வக்கீலா நீ?" என்றார் அங்கிருந்தவர். கை நடுங்கியது. "கொடுக்க முடியாதுன்னா அதை எழுத்துல கொடுங்க சார்" என்றேன். முத்திரை விழுந்தது. ஒன்பதாம் நாள் சான்றிதழ் வந்தது.

அன்று ராத்திரி அப்பா அந்தக் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இதுக்கா அவ்ளோ நடந்தேன்?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நண்பர்களே, நாம் எல்லோரும் பாரிஸ்டர் ஆக முடியாது. ஆனால் ஒரு மனு எழுதலாம். எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுக்கலாம். எங்கள் தெருவில் இதுவரை ஏழு பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் தெருவில் நீங்கள் தொடங்குங்கள்.



– மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னியல் பிரிவு, உப்பளம்.